குறி தப்புவது எங்கே?

10 மீட்டர் நீளமுள்ள ஒரு கூடத்தை மனத்தில் எண்ணிக்கொள்ளுங்கள். அதன் ஒரு கோடியில் நீங்கள் நிற்கிறீர்கள். மறு கோடியில் ஒரு வெள்ளை அட்டை. அதன் நடுவே நெல்லிக்காய் அளவுள்ள ஒரு கறுப்பு வட்டம். அதன் குறுக்களவு 30.5 மி.மீ. அந்த வட்டத்தின் நட்டநடுவில் ஒரு வெள்ளைப் புள்ளி. அதன் குறுக்களவு அரை மில்லிமீட்டர்தான்! பேனா முனையால் தொட்டு வைத்தது போல இருக்கும். அந்தப் புள்ளியை ஈயக் குண்டு தொட்டால் 10 மதிப்பெண். நின்றுகொண்டே 75 நிமிடங்களுக்குள் 60 முறை சுட வேண்டும். இதுதான் ஒலிம்பிக்கில் நடைபெறும் 10 மீட்டர் ஏர் ரைஃபிள் போட்டி.

2008 ஆகஸ்ட் 11 அன்று பெய்ஜிங் நகரில் இந்தப் போட்டியின் இறுதிச் சுற்றில் ஒரே ஒரு குண்டு பாக்கி இருந்தது. நம் நாட்டின் அபினவ் பிந்த்ராவும் பின்லாந்தின் ஹென்ரி ஹாக்கினனும் சமமாக நின்றார்கள். ஹாக்கினனுக்குக் கிடைத்தது 9.7. பிந்த்ராவுக்கு 10.8! ஒலிம்பிக்கில் இந்தியர் ஒருவர் தனியாக வென்ற முதல் தங்கப் பதக்கம் அதுவே. 10.8 என்றால் என்ன பொருள்? குண்டின் மையம் இலக்கின் மையத்திலிருந்து அரை மில்லிமீட்டர்கூட விலகவில்லை என்று பொருள்.

இவ்வளவு நுட்பம் எங்கிருந்து வந்தது? விலையுயர்ந்த துப்பாக்கியிலிருந்தா? சுடுபவரின் உடலிலிருந்தா? கண்ணிலிருந்தா?

இந்தக் கேள்வி எனக்கு வெறும் ஏட்டுக் கேள்வியாக வரவில்லை. எங்கள் கல்லூரியின் என்.சி.சி. மாணவர் ஒருவர் ஒரு நாள் என்னிடம் வந்தார். அவருடைய தந்தை சிறிய மளிகைக் கடை வைத்திருப்பவர். "ஸார், ரைஃபிள் கிளப்பில் ஓராண்டாகச் சுடுகிறேன். மதிப்பெண் ஏறவே இல்லை. கிளப் துப்பாக்கி பழையது. வெளிநாட்டுத் துப்பாக்கி வாங்கினால் 2 லட்சத்துக்கு மேல் ஆகும். அம்மா நகையை அடகு வைக்கலாம் என்கிறார்கள். எதை வாங்கலாம்?" என்று கேட்டார். "தம்பி, முதலில் நீ சுட்ட இலக்குத் தாள்களை எல்லாம் எடுத்து வா" என்றேன். அந்தத் தாள்கள் என்ன கூறின என்பதைத்தான் இங்கே காணப் போகிறோம்.

இரண்டு வகைப் பிழைகள்

தாள்களைக் கேட்டதற்குக் காரணம் உண்டு. 1996-இல் நானும் ஒரு என்.சி.சி. மாணவனாகத் தரையில் படுத்து .22 ரைஃபிளால் சுட்டேன். ஐந்து குண்டுகளும் ஐந்து திசையில் போயின. "துப்பாக்கி சரியில்லை" என்றேன். ஹவில்தார் ஒன்றும் பேசவில்லை. அதே துப்பாக்கியை வாங்கிப் படுத்து ஐந்து குண்டுகள் சுட்டார். தாளைக் கொண்டுவந்து துளைகளின் மேல் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்தார். ஐந்தும் அதற்குள் மறைந்துவிட்டன. ஆனால் வேடிக்கை பாருங்கள்! அந்த ஐந்து துளைகளும் இலக்கின் நடுவில் இல்லை. ஒரு கை அகலம் இடப்புறம் தள்ளி இருந்தன. "தம்பி, துளைகள் சேர்ந்து இருக்கின்றனவா, அதை முதலில் பார். எங்கே இருக்கின்றன என்பதைத் திருகாணியே சரிசெய்துவிடும்" என்றார்.

இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் நாங்கள் சொல்லிக்கொடுப்பதும் இதுவே. அளவீட்டில் இரு வகைப் பிழைகள் உண்டு. எல்லா அளவுகளும் ஒரே பக்கமாக ஒரே அளவு விலகினால் அது முறையான பிழை. ஒவ்வொரு முறையும் வெவ்வேறு பக்கமாக விலகினால் அது தற்செயல் பிழை. முதல் வகையைக் கருவியின் குறிகாட்டியைத் திருகித் திருத்தலாம். இரண்டாம் வகைக்கு எந்தத் திருகாணியும் கிடையாது.

பெய்ஜிங்கில் பிந்த்ராவுக்கும் முதல் வகைப் பிழை நேர்ந்தது. இறுதிச் சுற்று தொடங்குமுன் சோதித்துப் பார்ப்பதற்காகச் சுட்ட குண்டு 4-ஆம் வளையத்துக்குப் போய்விட்டதாக அவரே பின்னர் கூறியிருக்கிறார். ஏறத்தாழ 16 மி.மீ. விலகல்! ஆனால் தம் குண்டுகள் சிதறாமல் ஓரிடத்தில் சேரும் என்பது அவருக்குத் தெரியும். ஆகவே குறிகாட்டிதான் இடம் மாறியிருக்கிறது என்று கண்டு, அதைத் திருகிச் சரிசெய்து, தங்கம் வென்றார். குண்டுகள் சிதறுகிற ஒருவராக இருந்தால் எதைத் திருத்துவது என்றே அவருக்குத் தெரிந்திராது.

பிழைகள் எப்படிக் கூடுகின்றன?

மாணவரின் தாள்களுக்கு வருவோம். ஒவ்வொரு தாளிலும் துளைகளின் நடு இடத்தைக் கண்டுபிடித்தோம். அங்கிருந்து ஒவ்வொரு துளையின் தூரத்தையும் அளந்தோம். அந்தத் தூரங்களை வர்க்கப்படுத்திச் சராசரி எடுத்து வர்க்கமூலம் கண்டோம். சிதறல் 12.4 மி.மீ. என்று வந்தது.

பிறகு கிளப் பயிற்சியாளரிடம் கேட்டுக்கொண்டோம். அவர் அதே பழைய துப்பாக்கியை மேசையில் பற்றுக்கருவியால் இறுக்கி, அதே குண்டுகளால் சுட்டுக் காட்டினார். மனித உடலின் ஆட்டம் இல்லாத அந்தச் சிதறல் 3 மி.மீ.

அப்படியானால் மாணவருடைய உடலின் பங்கு எவ்வளவு? 12.4-இலிருந்து 3-ஐக் கழித்து 9.4 என்று சொல்லிவிடக் கூடாது. துப்பாக்கியின் பிழையும் உடலின் பிழையும் ஒன்றையொன்று சாராதவை. ஒன்று இடப்புறம் தள்ளும்போது மற்றது மேலே தள்ளலாம்; எதிர்ப்புறமும் தள்ளலாம். இத்தகைய பிழைகள் செங்கோண முக்கோணத்தின் இரு பக்கங்களைப் போலக் கூடுகின்றன. மொத்தச் சிதறலே கர்ணம். பிதாகரஸ் தேற்றம் இங்கேயும் உதவிக்கு வருகிறது! 12.4-இன் வர்க்கத்திலிருந்து 3-இன் வர்க்கத்தைக் கழித்தால் கிட்டத்தட்ட 144. அதன் வர்க்கமூலம் 12. ஆகவே உடலின் பங்கு 12 மி.மீ.

இப்போது 2 லட்சம் ரூபாய் கொடுத்து, 1 மி.மீ. மட்டுமே சிதறும் உயர்ந்த துப்பாக்கியை வாங்கிவிட்டதாக வைத்துக்கொள்வோம். 144-உடன் 1-ஐக் கூட்டி வர்க்கமூலம் கண்டால் 12.04 மி.மீ. ஆதாயம் எவ்வளவு? ஏறத்தாழ மூன்றில் ஒரு மில்லிமீட்டர்! துப்பாக்கியை மாற்றாமல், பயிற்சியால் உடலின் பங்கைப் பாதியாக, அதாவது 6 மி.மீ. ஆக, குறைத்தால்? 36-உடன் 9-ஐக் கூட்டினால் 45. வர்க்கமூலம் 6.7 மி.மீ. இலக்கில் ஒவ்வொரு 2.5 மி.மீ. விலகலுக்கும் ஒரு மதிப்பெண் குறைகிறது என்பதை நினைவில் கொள்ளுங்கள். முதல் வழியில் ஒரு குண்டுக்கு ஒரு மதிப்பெண்ணின் சிறு பகுதிதான் கூடும். இரண்டாம் வழியில் இரண்டு மதிப்பெண்ணுக்கு மேல் கூடும்.

முக்கோணத்தின் நீண்ட பக்கத்தைக் குறைக்காமல் குட்டைப் பக்கத்தைக் குறைத்துப் பயன் இல்லை. ஆகவே முதலில் நீண்ட பக்கம் எது என்று தேட வேண்டும்.

அஞ்சலட்டையின் கனம்

உடலின் பங்கு என்று மொத்தமாகச் சொல்லிவிட்டோம். அதற்குள்ளும் பல பிழைகள் ஒளிந்திருக்கின்றன. முதலாவது, குறிபார்ப்பதில் நேர்வது.

துப்பாக்கியின் கண்ணருகே ஒரு பின் குறிகாட்டியும் குழலின் முனையில் ஒரு முன் குறிகாட்டியும் இருக்கின்றன. இரண்டுக்கும் இடையே 80 செ.மீ. என்று கொள்வோம். இலக்கு 10 மீட்டர் தொலைவில். 10 மீட்டரை 80 செ.மீ.-ஆல் வகுத்தால் 12.5. அதாவது இரு குறிகாட்டிகளும் ஒரே கோட்டில் அமையாமல் சிறிது பிசகினால், அந்தப் பிசகு இலக்கில் 12.5 மடங்காகப் பெருகிவிடும். 0.2 மி.மீ. பிசகு, அதாவது ஏறத்தாழ ஓர் அஞ்சலட்டையின் கனம், இலக்கில் 2.5 மி.மீ. ஆகிறது. ஒரு மதிப்பெண் போயிற்று!

இதற்கு மாறாக, துப்பாக்கி திரும்பாமல் அப்படியே 2 மி.மீ. பக்கவாட்டில் நகர்ந்தால் குண்டும் 2 மி.மீ. மட்டுமே நகரும். கோணப் பிழை பெருகும். நகர்வுப் பிழை பெருகாது. ஆகவே இலக்கு சற்று ஆடுவது போலத் தோன்றினால் அஞ்ச வேண்டாம். குறிகாட்டிகள் இரண்டும் ஒரே நேர்கோட்டில் இருப்பதே முதல் கவலையாக இருக்க வேண்டும்.

இதற்குக் கண் ஒத்துழைக்குமா? விரலைக் கண்ணெதிரே நீட்டி அதை உற்றுப் பாருங்கள். பின்னால் உள்ள சன்னல் கம்பி மங்கிவிடும். கம்பியைப் பார்த்தால் விரல் மங்கும். நம் கண் வில்லையால் ஒரே சமயத்தில் இரு தொலைவுகளுக்குக் குவியம் செய்ய இயலாது. எனவேதான் போட்டித் துப்பாக்கியின் பின் குறிகாட்டியில் ஏறத்தாழ 1 மி.மீ. அளவுள்ள சிறு துளை வைத்திருக்கிறார்கள். ஊசித்துளைக் காமிராவில் வில்லையே இல்லாமல் அருகில் உள்ளதும் தொலைவில் உள்ளதும் தெளிவாக விழுவதைப் படித்திருப்பீர்கள். அதே தத்துவம்! துளை ஒளிக்கற்றையை மெலிதாக்குவதால் மங்கல் குறைகிறது. துளை, முன் குறிகாட்டியின் வளையம், கறுப்பு இலக்கு ஆகிய மூன்று வட்டங்களும் ஒன்றுக்குள் ஒன்றாக அமைய வேண்டும். கண் முன் வளையத்தின் மேல் நிலைத்திருக்கட்டும். மற்றக் கண்ணை இறுக மூடாதீர்கள். முகத் தசைகள் களைத்துவிடும். ஒரு வெள்ளைத் தாள் மறைப்பைக் கட்டிக்கொள்வதே போதும்.

எலும்பு தாங்கட்டும்

இரண்டாவது, நிற்கும் நிலை. ஒரு வாளித் தண்ணீரைக் கையை நீட்டிப் பிடித்தால் சற்று நேரத்தில் கை நடுங்கும். அதே வாளியைத் தலைமேல் வைத்தால் நெடுநேரம் சுமக்கலாம். தசை களைக்கிறது, எலும்பு களைப்பதில்லை. போட்டித் துப்பாக்கி 5.5 கிலோகிராம் வரை இருக்கலாம். அதைக் கை வலிமையால் தூக்கி நிறுத்த முயல்பவர் தோற்பார். தேர்ந்தவர் இடது முழங்கையை இடுப்பெலும்பின் மேலோ விலாவின் மேலோ ஊன்றிக்கொள்கிறார். உடலைச் சற்றே பின்னால் சாய்த்து, துப்பாக்கியும் தாமும் சேர்ந்த ஈர்ப்பு மையம் இரு பாதங்களுக்கு இடையே விழுமாறு நிற்கிறார். (இடக்கைப் பழக்கமுள்ளவர் இதைத் திருப்பிக் கொள்ளவும்.)

நின்றபின் ஒரு சோதனை. கண்களை மூடி, இரு முறை மூச்சுவிட்டு, கண்களைத் திறந்து பார்க்க வேண்டும். துப்பாக்கி இலக்கின் வலப்புறம் காட்டினால் கையால் இழுக்கக் கூடாது. இழுத்தால் தசை வேலை செய்யத் தொடங்கிவிடும். டிரிகரை அழுத்தும் கணத்தில் அது மீண்டும் பழைய இடத்துக்கே திரும்பும். பாதத்தைச் சிறிது நகர்த்த வேண்டும். கண்ணை மூடித் திறந்தாலும் இலக்கிலேயே நிற்கும் நிலைதான் உங்களுக்கு இயல்பான நிலை.

காலடித் தளம்கூட முக்கியம். 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கின் இறுதிச் சுற்றில் பிந்த்ரா ஏழாம் இடம் பெற்றார். தாம் நின்ற இடத்தில் தரை ஓடு சரியாகப் பதியாமல் ஆடியதைப் பின்னர் அறிந்ததாக அவர் கூறியிருக்கிறார். அதன்பின் ஆடும் தரையிலும் நின்று பயிற்சி செய்தாராம்!

மூச்சு விடும்போது மார்பு ஏறி இறங்கும். துப்பாக்கியும் அதனுடன் ஏறி இறங்கும். வெளிமூச்சுக்குப் பின் இயல்பாகவே ஓர் இடைவெளி வருகிறது. அதைச் சில விநாடிகள் நீட்டித்து அதற்குள் சுட வேண்டும். வேளை தவறிவிட்டால் துப்பாக்கியை இறக்கிவிட்டு மீண்டும் தொடங்குவதே அறிவுடைமை.

மூளையின் தாமதம்

மூன்றாவது, டிரிகர். எவ்வளவு பயின்றாலும் துப்பாக்கி சிறிது ஆடிக்கொண்டே இருக்கும். "நடுவுக்கு வந்ததும் சட்டென்று அழுத்திவிடலாம்" என்று தொடக்கக்காரர் எண்ணுகிறார். இது ஏன் பலிப்பதில்லை?

கண் கண்டு, மூளை ஆணையிட்டு, விரல் அசைய ஏறத்தாழ 0.2 விநாடி ஆகிறது. குறி இலக்கின் மேல் விநாடிக்கு 20 மி.மீ. வேகத்தில் நகர்கிறது என்று கொண்டால், அந்த நேரத்தில் அது 4 மி.மீ. தள்ளிப் போய்விடும். சட்டென்று அழுத்துவதால் குழலும் திரும்பும். ஆகவே குறி நடுவை நெருங்கி, ஆட்டம் அடங்கி வரும்போதே, விரலின் அழுத்தத்தைச் சீராகக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். டிரிகர் விடுபட்டபின் குண்டு குழலை விட்டு வெளியேறச் சில ஆயிரத்தில் ஒரு பங்கு விநாடிகள் ஆகும். அதுவரை குழல் அசையாதிருக்க வேண்டும். சுட்ட உடனே தலையை நிமிர்த்தி எட்டிப் பார்ப்பவர் இந்தக் கணத்தைக் கெடுத்துக்கொள்கிறார். சுட்ட பின்னும் ஓரிரு விநாடிகள் குறிபார்த்தபடியே நில்லுங்கள்.

இதற்கு நல்ல பயிற்சி குண்டு இல்லாமல் செய்வது. போட்டித் துப்பாக்கிகளில் காற்று வீணாகாமல் டிரிகரை மட்டும் இயக்க வசதி உண்டு. வெற்றுச் சுவரை நோக்கி நாள்தோறும் அரை மணி நேரம் இதைச் செய்யலாம். செலவு ஒரு காசும் இல்லை.

கருவியை எந்த வரிசையில் தேர்வது?

அப்படியானால் கருவிகள் முக்கியம் இல்லையா? முக்கியந்தான். வரிசை தெரிந்து வாங்க வேண்டும்.

முதலில் பொருத்தம். தோளில் பதியும் கட்டையின் நீளம், கன்னம் படியும் கட்டையின் உயரம் ஆகியவற்றைத் திருகிக் கூட்டிக் குறைக்க முடிகிற துப்பாக்கியாக இருக்கட்டும். தலையைக் கவிழ்க்காமலே கண் துளைக்கு நேரே வர வேண்டும். பொருந்தாத விலையுயர்ந்த துப்பாக்கியைவிடப் பொருந்துகிற பழைய கிளப் துப்பாக்கி மேல்.

அடுத்து, தட்டையான அடி உள்ள காலணியும் விறைப்பான சட்டையும். இவை முதுகுக்கும் இடுப்புக்கும் தாங்கல் தருகின்றன. அதிகத் தாங்கல் கூடாது என்பதற்காகப் போட்டி விதிகள் சட்டைத் துணியின் கனத்தை ஒரு மடிப்புக்கு 2.5 மி.மீ. என்று வரையறுத்திருக்கின்றன. இரண்டாம் கையாக வாங்கினாலும் உடலுக்குப் பொருந்தினால் போதும்.

பிறகு குண்டுகள். 4.5 மி.மீ. குறுக்களவும் ஏறத்தாழ அரை கிராம் நிறையும் உள்ள, தட்டை முனையுடைய ஈயக் குண்டுகள் இவை. விநாடிக்கு 170 மீட்டர் வேகத்தில் 10 மீட்டரைக் கடக்க ஏறத்தாழ 0.06 விநாடி ஆகும். அதற்குள் புவியீர்ப்பால் அது 17 மி.மீ. கீழே விழுகிறது! இந்த வீழ்ச்சி ஒவ்வொரு முறையும் ஒன்றாக இருந்தால் குறிகாட்டி அதை ஈடுசெய்துவிடும். வேகம் குண்டுக்குக் குண்டு 2 மீட்டர் மாறினால் வீழ்ச்சி 0.4 மி.மீ. மாறும். உடலின் பங்கு 12 மி.மீ. உள்ளவருக்கு இது ஒரு பொருட்டே அல்ல. பிந்த்ரா போன்றவருக்கு அதுவே 10.8-க்கும் 10.6-க்கும் உள்ள வேற்றுமை. அதனால்தான் உயர்நிலை வீரர்கள் பல பெட்டிக் குண்டுகளைச் சோதித்துத் தங்கள் குழலுக்கு ஏற்றதைத் தேர்கிறார்கள்.

துப்பாக்கியைச் சாய்த்துப் பிடிப்பதும் இந்த 17 மி.மீ.-ஐப் பக்கவாட்டில் திருப்பிவிடும். 10 பாகை சாய்ந்தால் 3 மி.மீ. விலகல். ஒவ்வொரு முறையும் ஒரே அளவு சாய்த்துப் பிடித்தால் அதையும் திருகாணி சரிசெய்யும். மாறி மாறிச் சாய்த்தால்தான் தொல்லை.

கடைசியாகத்தான் புதிய துப்பாக்கி. இன்றைய போட்டித் துப்பாக்கிகளில் 200 வளிமண்டல அழுத்தம் வரை காற்றை அடைத்த உருளை இருக்கிறது. ஒவ்வொரு முறையும் அளவான காற்றே வெளிவருவதால் வேகம் மாறாது. உதைப்பும் மிகக் குறைவு. பழைய வில்சுருள் துப்பாக்கியில் உள்ளே உந்துதண்டு பாய்ந்து மோதுவதால் குண்டு வெளியேறுமுன்பே துப்பாக்கி அதிரும்.

நீங்களே செய்து பாருங்கள்

துப்பாக்கி இல்லாமலே இந்தச் சோதனைகளைச் செய்யலாம்.

1. இரு உள்ளங்கைகளுக்கு இடையே சிறு இடைவெளி விட்டு, அதன் வழியே தொலைவில் உள்ள ஒரு பொருளைப் பாருங்கள். கண்களை மாற்றி மாற்றி மூடுங்கள். எந்தக் கண்ணுக்குப் பொருள் இடைவெளியிலேயே தெரிகிறதோ அதுவே உங்கள் முதன்மைக் கண். பெரும்பாலும் குறிபார்க்க அதுவே ஏற்றது.

2. அட்டையில் ஊசியால் துளையிட்டு அதன் வழியே இந்தப் பக்கத்தின் எழுத்துகளைக் கண்ணுக்கு மிக அருகில் வைத்துப் பாருங்கள். துளையை எடுத்தால் மங்கும், வைத்தால் தெளியும்.

3. நண்பர் ஓர் அளவுகோலைச் செங்குத்தாகப் பிடித்துச் சொல்லாமல் விடட்டும். உங்கள் விரல்கள் அதன் பூச்சியக் கோட்டருகே இருக்கட்டும். 20 செ.மீ. விழுந்தபின் பிடித்தால் உங்கள் தாமதம் 0.2 விநாடி.

4. சுவர்க் கடிகாரத்துக்குப் பக்கவாட்டில் நின்று கையை அதை நோக்கி நீட்டுங்கள். கண்ணை மூடி, மூச்சுவிட்டு, திறந்து பாருங்கள். விரல் விலகியிருந்தால் பாதத்தை நகர்த்துங்கள்.

ஓர் எச்சரிக்கை! ஏர் ரைஃபிள் விளையாட்டுப் பொருள் அன்று, கண்ணைப் பறித்துவிடக்கூடியது. ரைஃபிள் கிளப்பிலோ என்.சி.சி.யிலோ பயிற்சியாளர் முன்னிலையில் மட்டுமே தொடுங்கள். குண்டு இல்லை என்று தெரிந்தாலும் குழல் எப்போதும் இலக்கின் பக்கமே இருக்கட்டும்.

சென்னையில் பிறந்த ககன் நாரங் 2012 லண்டன் ஒலிம்பிக்கில் இதே போட்டியில் வெண்கலம் பெற்றார். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் 2019-இல் ரியோ டி ஜெனிரோ உலகக் கோப்பையில் தங்கம் வென்றார். நம் மண்ணில் பிறந்தவர்களுக்கும் இது எட்டாத கலை அன்று.

அந்த மாணவர் என்ன செய்தார்? நகை பெட்டியிலேயே இருந்தது. பழைய சட்டை ஒன்றும் ஒரு சோடிக் காலணியும் மட்டும் வாங்கினார். நாள்தோறும் வெற்றுச் சுவரை நோக்கி நின்றார். ஓராண்டுக்குப் பின் மீண்டும் தாள்களை அளந்தோம். உடலின் பங்கு 12 மி.மீ.-இலிருந்து 5 மி.மீ.-ஆகக் குறைந்திருந்தது. "ஸார், இப்போது துப்பாக்கியை மாற்றினால்?" என்று கேட்டார். 5-இன் வர்க்கத்துடன் 3-இன் வர்க்கத்தைக் கூட்டினால் சிதறல் 5.8 மி.மீ.; 1-இன் வர்க்கத்தைக் கூட்டினால் 5.1 மி.மீ. ஆதாயம் இம்முறை 0.7 மி.மீ., முன்பைப் போல் இரு மடங்கு.

"நீயே கணக்குப் போட்டுவிட்டாயே, தம்பி! இன்னும் 2 மி.மீ. உடலிலேயே குறைக்க முடியுமா, பார். பிறகு வீட்டில் பேசலாம்" என்றேன். சிரித்துக்கொண்டே போனார். மறுநாளும் சுவரின் முன் நின்றிருப்பார் என்பதில் எனக்கு ஐயமில்லை.